ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு அரிப்பும் தடிப்பும்: வாசகர் கேள்வி பதில்

மூட்டு மாற்று, குடலிறக்கம், பித்தப்பை, கண்புரை, சிசேரியன் என்று தேதி குறித்துவிட்ட ஆபரேஷன்களுக்கு முன் தோலில் வந்த தொல்லைகளைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தோல், அறுவை சிகிச்சை, மயக்க மருத்துவம் ஆகிய மூன்று துறைகளையும் சேர்ந்த நம் மருத்துவக் குழு பதில் தருகிறது.

என் அம்மாவுக்கு 63 வயது. இன்னும் 12 நாளில் வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். இரண்டு மாதமாகத் தொடை இடுக்கில் படை இருக்கிறது. மெடிக்கலில் வாங்கிய களிம்பு போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது. டாக்டரிடம் சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவாரோ என்று அம்மா பயப்படுகிறார். தம்பி லீவு போட்டு வெளிநாட்டிலிருந்து வருகிறான். முழங்காலில் ஒன்றும் இல்லையே, சொல்லத்தான் வேண்டுமா? (வாசகி, திண்டுக்கல்)

சொல்லத்தான் வேண்டும், அதுவும் இன்றைக்கே. இன்று சொன்னால் கையில் 12 நாள் இருக்கிறது. மறைத்தால் ஆபரேஷன் அன்று காலை தியேட்டர் வாசலில் நர்ஸ் கண்ணில் படும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது, தேதி தள்ளிப்போகலாம்.

முழங்காலுக்கும் தொடை இடுக்குக்கும் என்ன சம்பந்தம் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ஆபரேஷனின்போது ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையின் மேல்பகுதியில் ஒரு பட்டையைக் கட்டிக் காற்றடிப்பார்கள். கிருமிநாசினி தடவுவது கிட்டத்தட்ட இடுக்கு வரை போகும். வலி தெரியாமல் இருக்கத் தொடையில் நரம்பு ஊசி போடுவதும் உண்டு. படையை உண்டாக்கும் காளான் (பூஞ்சை) நேராக மூட்டுக்குள் போவது மிக அரிது. நாங்கள் அஞ்சுவது வேறு ஒன்றுக்கு. சொறிந்து கீறிய தோலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியா குடியேறும். மூட்டு மாற்றில் நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் கிருமித் தொற்று வருகிறது என்றாலும், வந்துவிட்டால் வைத்த மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, மறுபடியும் ஒரு மூட்டு வைக்க வேண்டியிருக்கும். அதோடு ஒப்பிட்டால் மூன்று வாரத் தாமதம் பெரிதல்ல.

அந்தக் களிம்பு ட்யூபை எடுத்துப் பாருங்கள். கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? அப்படியானால் அது ஸ்டீராய்டு கலந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், அடியில் காளான் தாராளமாக வளரும். போட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வட்டமாக, ஓரம் தூக்கி இருக்க வேண்டிய படை ஓரம் தெரியாமல் பரந்துவிடும். பார்க்கிற டாக்டருக்கே குழப்பம் வரும். நீண்ட நாள் போட்டால் இடுக்குத் தோல் மெலிந்து வரி விழும், லேசாக உராய்ந்தாலே கிழியும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் கவுன்ட்டரில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். ஆபரேஷன் தேதிக்காக இதை இன்னும் இரண்டு வாரம் தடவி மறைக்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நீங்கள் மறைப்பது தோலின் நிறத்தை மட்டும்தான்.

இந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள். ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் காளானா இல்லையா என்று அநேகமாக அன்றைக்கே தெரிந்துவிடும். பரிசோதனைக்குப் போகும் அன்று அந்த இடத்தில் களிம்பு, பவுடர், எண்ணெய் எதையும் போடாமல் போங்கள்.

டெர்பினாஃபின் அல்லது லுலிகோனசோல் 1% களிம்பு எழுதிக் கொடுத்தால் அளவு முக்கியம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். படை தெரிகிற இடத்தோடு நிறுத்தாமல், ஓரத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை, வெளியிலிருந்து உள்ளே தடவ வேண்டும். 12 நாளில் அரிப்பும் செதிலும் குறையும், ஆனால் நோய் முழுவதும் தீர்ந்திருக்காது. தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் போட வேண்டும். எனவே ட்யூபை ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் முடிந்து குளிக்கவும் குனியவும் முடியாத நாட்களில்தான் இடுக்கில் வியர்வை தேங்கி, படை இரட்டிப்பாகும்.

மாத்திரை தேவைப்பட்டால், அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் முழுப் பட்டியலையும் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும்; பான்டோபிரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரை கூடவே இருந்தால் அது உடம்பில் சரியாக ஏறாது. இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. கொலஸ்ட்ராலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டாட்டினோடும் சேராது. மயக்க டாக்டர் கொடுக்கும் மிடாசோலமின் தூக்கத்தை அது நீட்டிவிடும், ஆகவே அவருக்கும் தெரிய வேண்டும். ஃப்ளூகோனசோல் என்றால், சுகருக்குக் கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ரத்தம் கூடுதலாக நீர்க்கலாம்.

இடுக்கைத் துடைக்கத் தனித் துண்டு வையுங்கள். குளித்ததும் ஈரம் போகத் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டுப் பிறகு களிம்பு போடுங்கள். உள்ளாடை தளர்வான பருத்தியில் இருக்கட்டும். வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியும்படி காய வையுங்கள். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பையும் பாருங்கள், பெண்களுக்கு அங்கேயும் படை இருக்கும்.

இன்னொன்றைப் பலர் பார்க்கவே மாட்டார்கள்: கால் விரல் இடுக்கு. நாலாவது, ஐந்தாவது விரலுக்கு நடுவே வெள்ளையாக ஊறிக் கிடக்கும் சேற்றுப்புண், காலில் கிருமி நுழையும் வாசல். முழங்கால் ஆபரேஷனுக்குத் தொடை இடுக்கைவிட அதுதான் எங்களுக்குக் கூடுதல் கவலை. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவையும் கேளுங்கள். பல மையங்கள் அது 7.5-க்கோ 8-க்கோ கீழே இருந்தால்தான் மூட்டு வைக்கின்றன. சர்க்கரை ஏறினால் படையும் அடங்காது.

கடைசியாக, தேதி தள்ளுமா? காய்ந்த, கீறலில்லாத, மருந்துக்கு அடங்கி வரும் படை, வெட்டும் இடத்திலிருந்து தள்ளி இருந்தால் பல அறுவை சிகிச்சை நிபுணர்கள் குறித்த நாளிலேயே செய்கிறார்கள். நீர் கசிந்தாலோ, வெடித்திருந்தாலோ, சீழ் இருந்தாலோ தள்ளுவார்கள். முடிவு அவருடையது. அவர் முடிவு எடுக்க உண்மை அவர் கையில் இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு ஐந்து நாளில் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். வலி தாங்காமல் எருக்க இலையை எண்ணெயில் வாட்டி முழங்காலில் கட்டினோம். இப்போது சிவந்து சின்னச் சின்னக் கொப்புளம். உடைத்து விடலாமா? (வாசகர், விருதுநகர்)

உடைக்காதீர்கள். மூடியிருக்கும் கொப்புளத்தின் மேல்தோல்தான் இப்போதைக்கு நல்ல கட்டு. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும் தன்மை உடையது. பூண்டு அரைத்துப் பற்றுப் போட்டாலும் நெருப்புச் சுட்டதுபோல் கொப்புளம் வரும். வலி பாம் தடவி அதன் மேல் வெந்நீர்ப் பை வைப்பது, பசை ஒட்டிய வலி பிளாஸ்திரியை இரவெல்லாம் விடுவது, கட்டு வைத்தியத்தில் எண்ணெய்த் துணியை வாரக்கணக்கில் வைப்பது எல்லாமே இதே விளைவைத் தரும்.

இன்று இலையை எடுத்துவிட்டுச் சாதாரண நீரில் அலசுங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை வையுங்கள். மஞ்சள், வேப்பிலை அரைப்பு, தேங்காயெண்ணெய் எதுவும் மேலே வேண்டாம். மஞ்சள் பூசிய தோலில் சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றே எங்களால் பார்க்க முடியாது. சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஓடினால், சூடாக வலித்தால், காய்ச்சல் வந்தால் அது வெறும் எரிச்சலைத் தாண்டிக் கிருமித் தொற்றாக மாறியிருக்கலாம். அன்றே நேரில் போக வேண்டும்.

வெட்டும் கோடு சரியாக இந்த இடத்தில்தான் வரும் என்பதால், ஐந்து நாளில் ஆபரேஷன் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொப்புளம் வற்றி, பொருக்கு உதிர்ந்து, புதுத் தோல் மூடிய பிறகுதான் கத்தி வைப்பார்கள்.

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி எட்டு நாளில். நேற்று வலது விலாவில் வரிசையாகக் கொப்புளம், ஒரே எரிச்சல். அக்கி என்கிறார் பாட்டி. காவி கரைத்து எழுதினால் போய்விடும் என்கிறார். எழுதலாமா? (வாசகி, கும்பகோணம்)

பாட்டி நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போல, எரிச்சலோடு வந்தால் அநேகமாக அக்கிதான். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, வருடங்கள் கழித்து வெளியே வருகிறது. காவியின் குளிர்ச்சியில் எரிச்சல் கொஞ்சம் தணியலாம், வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. திறந்த கொப்புளத்தின் மேல் மண் பூசினால் வேறு கிருமி சேரும். முக்கியமான இழப்பு நேரம்தான். அக்கிக்கு மருந்து கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். உங்களுக்கு ஒரு நாள் போய்விட்டது.

வழக்கமான அளவு அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் ஐந்து வேளை, ஏழு நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1 கிராம், தினம் மூன்று வேளை, ஏழு நாள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இதைக் குறைக்க வேண்டும், அதனால் ஆபரேஷனுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அதில் இருக்கும்.

கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரை, ஏறக்குறைய 7 முதல் 10 நாள், அந்த நீரிலிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும். அவர்களுக்கு வருவது அக்கி அல்ல, சின்னம்மை. சின்னம்மை வராத கர்ப்பிணி, கைக்குழந்தை, கீமோதெரபி எடுப்பவர் ஆகியோரிடமிருந்து விலகி இருங்கள், கொப்புளத்தைத் துணியால் மூடி வையுங்கள். ஆஸ்பத்திரி வார்டில் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள் என்பதால், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைப்பதே முறை. அதோடு லேப்ராஸ்கோபிக்கு மேல்வயிற்றில் நாலு துளை போடுவார்கள், அதில் ஒன்றிரண்டு வலது விலாவுக்குக் கீழேதான் வரும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்தையும் யோசியுங்கள். கொப்புளம் தெரிவதற்குச் சில நாள் முன்பே அக்கியின் வலி தொடங்கிவிடும். கடந்த வாரம் வலது மேல்வயிற்றில் வந்த வலி, பித்தப்பைக் கல்லினால் வந்ததா, அக்கியால் வந்ததா? சர்ஜனிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கல் இருப்பது உண்மைதான், ஆனால் அவசரம் எவ்வளவு என்பதை அது மாற்றும். காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள், விடாத வாந்தி என்றால் கதை வேறு. பித்தப்பை அழற்சிக்கு அக்கி முடியும் வரை காத்திருக்க முடியாது. கொப்புளத்தை மூடிவிட்டுச் செய்வார்கள்.

ஆபரேஷனுக்கு முன் குளிக்கக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினித் திரவம் கொடுத்தார்கள். முதல் நாள் குளித்ததும் கழுத்து, அக்குளில் சிவந்து அரிக்கிறது. தொடரலாமா? முடியை வீட்டிலேயே ஷேவ் செய்துவிட்டு வரச் சொன்னால் செய்யலாமா? (வாசகர், கோவை)

இரண்டு விதமான அரிப்பு உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும். திரவம் மடிப்புகளில் தங்கி, அலசாமல் காய்ந்து, சில மணி நேரம் கழித்து எரிந்தால் அது தோல் எரிச்சல். குளித்த சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் கொசு கடித்ததுபோல் தடித்து எழும்பினால், உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் அது உண்மையான ஒவ்வாமை. அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஆபரேஷன் டீமிடமும் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் தியேட்டரில் தோலுக்குத் தடவும் கிருமிநாசினியிலும், சில மையங்களில் சிறுநீர்க் குழாய்க்குப் போடும் ஜெல்லியிலும், கழுத்து ரத்தக்குழாயில் வைக்கும் சில குழாய்களின் பூச்சிலும் இதே மருந்து இருக்கிறது. வீட்டில் வாய் கொப்பளிக்க வைத்திருக்கும் மருந்தின் அட்டையையும் ஒருமுறை படியுங்கள்.

உங்களுக்கு வந்தது முதல் வகையாகத் தெரிகிறது. இன்று போடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். பெரும்பாலும் சாதாரண சோப்பே போதும் என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டியும் ஆபரேஷனுக்கு முன் குளியலுக்குச் சாதாரண சோப்பு, கிருமிநாசினி சோப்பு இரண்டில் எதுவானாலும் ஏற்கிறது.

தோல் தாங்குபவர்களுக்கு 4% திரவம் போடும் முறை: முதலில் வழக்கமான சோப்பில் குளித்து நன்றாக அலசிவிட வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் குளோர்ஹெக்ஸிடின் செயலிழக்கும். பிறகு குழாயை மூடிவிட்டுக் கழுத்துக்குக் கீழே தடவி, அட்டையில் சொன்ன நேரம் விட்டு, மடிப்புகளில் தங்காமல் அலச வேண்டும். கண், காது, பிறப்புறுப்பின் உள்பகுதி பக்கம் போகக் கூடாது. காதுக்குள் போனால் கேட்கும் திறனே பாதிக்கலாம். துவைத்த துண்டு, துவைத்த உடை. அதற்கு மேல் எண்ணெய், பவுடர், மாய்ஸ்சரைசர் கூடாது.

ஷேவிங் வேண்டாம். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும், ஓர் இரவில் அதில் கிருமி பெருகி, காலையில் மயிர்க்கால் எல்லாம் செம்பருக்களாக நிற்கும். அதே வழிகாட்டி ஷேவிங்கை எந்த நேரத்திலும் கூடாது என்று உறுதியாகச் சொல்கிறது. முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் கத்தரிப்பார்கள். சொந்தக்காரர் ஒருவர் ஆர்வமாகப் பிளேடு வாங்கி வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள்.

உடம்பெல்லாம் அரிப்புத் தடிப்பு வந்து, மெடிக்கலில் ‘அலர்ஜி மாத்திரை’ என்று இரண்டு வகை கொடுத்தார்கள். நாளை மறுநாள் மயக்க டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகவா? (வாசகர், வேலூர்)

மாத்திரைப் பட்டையைப் புரட்டிப் பாருங்கள். செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் என்றிருந்தால் கவலை குறைவு. பெனிரமின், ஹைட்ராக்ஸிசின் தூக்கத்தைக் கூட்டும், மயக்க டாக்டருக்குத் தெரிய வேண்டும். இந்த வகை எதுவாக இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஆன்டிபயாட்டிக் போடுமுன் நம் ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் கொஞ்சம் செலுத்தி ‘டெஸ்ட் டோஸ்’ பார்க்கும் வழக்கம் இருக்கிறது. அரிப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஒவ்வாமை இருந்தும் தடிப்பு எழாமல் போகலாம். நர்ஸிடம் எப்போது கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது மாத்திரை பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்றிருந்தால் கவனம். ஸ்டீராய்டு சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும், புண் ஆறுவதைத் தாமதமாக்கும், காய்ச்சலை மறைத்து உள்ளிருக்கும் தொற்றைத் தெரியாமல் செய்யும். மூன்று நாலு நாள் மட்டும் எடுத்திருந்தால் நிறுத்துவதில் பொதுவாக ஆபத்து இல்லை. ஆனால் பிரெட்னிசோலோன் 5 மி.கி. அல்லது அதற்கு மேல், நாலு வாரமோ அதற்கு மேலோ தினமும் எடுத்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ எடுத்தாலும் சரி, தாமாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது. உடம்பு தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு அடங்கிக் கிடக்கும். ஆபரேஷன் அழுத்தத்தில் அது தேவைப்படும்போது கிடைக்காமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். தெரிந்திருந்தால் மயக்கம் கொடுக்கும்போதே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுச் சமாளிப்பார்கள். அதனால் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அட்டையோடு போய்க் காட்டுங்கள். பட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் கடைக்காரரிடம் பெயரை எழுதி வாங்குங்கள்.

கடந்த சில வாரங்களில் புதிதாக ஏதாவது மருந்து தொடங்கினீர்களா என்பதையும் யோசியுங்கள். ஆபரேஷனுக்கு முன் கொடுத்த வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், யூரிக் ஆசிடுக்கு அலோபியூரினால், வலிப்புக்குக் கார்பமசெபின் இவையெல்லாம் தடிப்பைக் கொண்டுவரலாம். வாயில் புண், கண் சிவப்பு, தோல் உரிதல், காய்ச்சல் சேர்ந்து வந்தால் மயக்க டாக்டரைப் பார்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்; இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஹாஸ்டலிலிருந்து வந்த பேரனுக்குச் சொறி. இப்போது எனக்கும் விரல் இடுக்கு, இடுப்பில் அரிப்பு, ராத்திரியில் தாங்கவில்லை. இரண்டு வாரத்தில் குடலிறக்க ஆபரேஷன். (வாசகர், தஞ்சாவூர்)

இரண்டு வாரம் போதும், இன்றே தொடங்கினால். பெர்மெத்ரின் 5% களிம்பை இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி, தொப்புள், பிறப்புறுப்பு, விரல் இடுக்கு எதையும் விடாமல் தடவி, 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளியுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் ட்யூப் ஒன்று வேண்டும். பாதியில் கை கழுவினால் கையில் மறுபடி தடவ வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஏழாம் நாள் இன்னொரு முறை. வீட்டில் இருக்கும் எல்லோரும், அரிப்பு இல்லாதவரும், அதே இரவில் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் சுற்றிக்கொண்டே இருக்கும். துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பாலிதீன் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள்.

சொறியை உண்டாக்கும் பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் தடவினால் தோல் எரிந்து புதுத் தடிப்பு வரும். சர்ஜனுக்கு எந்தெந்தத் தேதியில் போட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கீறலில் சீழ் கோத்திருந்தால் அதற்குத் தனியாக மருந்து வேண்டும்.

கவரிங் நகை போட்டால் எனக்குப் புண்ணாகும். மூட்டு உலோகம் ஒத்துக்கொள்ளுமா? (வாசகி, சேலம்)

கவரிங்கில் அரிப்பது பெரும்பாலும் நிக்கல். மூட்டு மாற்றில் அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியக் கலவையில் சிறிது நிக்கல் உண்டு. தோலில் ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் மூட்டில் சிக்கல் வருவதில்லை, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் தேதி குறிக்கும் முன்பே சொல்லுங்கள். தேவையென்றால் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் பார்ப்பார்கள். நிக்கல் மிகக் குறைவான மாற்று உலோக மூட்டும் கிடைக்கிறது. கடைசி வாரத்தில் சொன்னால் அதை வரவழைக்க நேரம் இருக்காது.

தலைக்கு டை அடித்த மறுநாள் கண் இமை வீங்கிவிட்டது. அடுத்த வாரம் கண்புரை ஆபரேஷன். (வாசகி, மதுரை)

டையில் இருக்கும் பாரா பினைலின் டையமின் என்ற பொருள் இப்படிச் செய்யும். ‘ஹெர்பல்’ என்று அட்டையில் இருந்தாலும் உள்ளடக்கப் பட்டியலைப் படியுங்கள். திருமணங்களில் வைக்கும் கறுப்பு மருதாணியிலும் இது இருக்கலாம். தலையை இன்னும் இரண்டு மூன்று முறை அலசுங்கள். இமையில் எந்தக் களிம்பையும் நீங்களாகப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கண்ணுக்குள் போனால் கண் அழுத்தம் ஏறலாம். இமை ஓரத்தில் பொருக்கும் கசிவும் இருக்கும்போது ஆபரேஷனுக்காகக் கண்ணைத் திறந்தால் கிருமி உள்ளே போகும் வாய்ப்பு அதிகம். இமை பழைய நிலைக்கு வந்தபிறகே செய்வார்கள். கண்புரை சில வாரம் காத்திருக்கும்.

37 வாரம். சிசேரியன் தேதி கொடுத்திருக்கிறார்கள். வயிறெல்லாம் அரிப்பு. பிரசவத்துக்கு முன் இது சகஜம் என்கிறார் மாமியார். (வாசகி, திருநெல்வேலி)

அரிப்பு எங்கே என்பதைப் பொறுத்தது. வயிற்று வரிகளில் தொடங்கி, தொப்புளை விட்டுவிட்டுச் சிவந்த தடிப்பாகத் தொடைக்குப் பரவினால், அது கர்ப்பத்தின் கடைசியில் வரும் ஒரு தடிப்பு. தொல்லை அதிகம், குழந்தைக்கு ஆபத்தில்லை, பிரசவமான சில வாரத்தில் போய்விடும்.

தோலில் ஒன்றும் இல்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, இரவில் கூடி, சொறிந்த கீறல் மட்டும் தெரிந்தால் அதைச் சகஜம் என்று விட வேண்டாம். கல்லீரலில் பித்தநீர் தேங்கும் பிரச்சினையாக இருக்கலாம். அது குழந்தையைப் பாதிக்கக்கூடியது. இன்றே மகப்பேறு டாக்டரைக் கூப்பிடுங்கள். பித்த அமில அளவும் கல்லீரல் பரிசோதனையும் பார்ப்பார்கள். இங்கே தேதி தள்ளிப்போவதற்குப் பதில் முன்னால் வரலாம்.

அடிவயிற்று மடிப்பைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், சிசேரியன் கோடு அங்கேதான் போகும். மடிப்பு சிவந்து ஊறியிருந்தால் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியை இடையில் வைத்து, டாக்டரிடம் காட்டுங்கள். பவுடர் கொட்டினால் ஈரத்தில் கட்டியாகி இன்னும் உராயும்.

இரண்டு நாள் காய்ச்சல், இப்போது காலில் சிவப்புப் புள்ளிகள். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. (வாசகர், சென்னை)

கண்ணாடி டம்ளரைப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள். மறையாத புள்ளி, தோலுக்கடியில் கசிந்த ரத்தம். டெங்குவாக இருந்து பிளேட்லெட் இறங்கியிருக்கலாம். இன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பிளேட்லெட் குறைந்த நிலையில் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக் காலே செயலிழக்கும் அபாயம் உண்டு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் தொடாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள்.

தோல் பிரச்சினையால் அப்பாவின் ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளிவிட்டார்கள். இப்போது நாங்கள் என்னென்ன செய்ய வேண்டும்? (வாசகி, ஈரோடு)

முதலில் நிறுத்திய மாத்திரைகள். ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் கிளோபிடோகிரல், வார்ஃபரின் போன்றவற்றை ஆபரேஷனுக்காக ஐந்து நாளோ ஒரு வாரமோ முன்பே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். சுகருக்கான டாபாகிளிஃப்ளோசினை மூன்று நாள் முன்பு. தேதி தள்ளிப்போன பரபரப்பில் இவற்றை மறுபடி தொடங்கச் சொல்ல யாரும் நினைப்பதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு மூன்று வாரம் மாத்திரையில்லாமல் போவது, தோல் தடிப்பைவிடப் பல மடங்கு ஆபத்து. இன்றே இதய டாக்டரையோ சர்ஜனையோ கேட்டு, எதை எப்போது தொடங்குவது, மறுபடி எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து இன்சூரன்ஸ் மேஜை. முன் அனுமதி எந்தத் தேதி வரை செல்லும், புதிய தேதிக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேளுங்கள். மயக்க டாக்டரின் தகுதிச் சான்றும் ரத்தப் பரிசோதனைகளும் எத்தனை நாள் வரை ஏற்பார்கள் என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். அதையும் அப்போதே கேட்டுவிட்டால் இரண்டாம் முறை ஊசி குத்துவது மிச்சம்.

தோல் டாக்டரிடம் ‘ஆபரேஷனுக்குத் தோல் தயார்’ என்று எழுதிய சீட்டு வாங்குங்கள். புதிய தேதிக்கு ஒரு வாரம் முன்பு, பகல் வெளிச்சத்தில், முதுகு, இடுக்கு, கால்விரல் இடுக்கு, அக்குள், மார்பின் அடி மடிப்பு எல்லாவற்றையும் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். அப்பா கூச்சப்பட்டால் அம்மா பார்க்கட்டும். ஏதாவது தெரிந்தால் அன்றே போன் செய்யுங்கள்: எந்த இடம், எத்தனை நாளாக, நீர் கசிகிறதா, காய்ச்சல் உண்டா, என்ன தடவினீர்கள். இந்த ஐந்தும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் அடுத்த அடியை உடனே சொல்லிவிடுவார்.